மாதிரி வீடும் மாடிப் போர்ஷனும்

நான் பார்த்த வீடுகளிலேயே அழகான வீடு தரமணியில் ஒரு திடலில் நின்றது. ஒரு வடிவமைப்புக் கண்காட்சிக்காகக் கட்டிய மாதிரி வீடு. கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அது நின்றிருந்த நாட்களில், காலையிலிருந்து மாலை வரை அந்த வீட்டுக்குள் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதுதான் என் வேலை. அதே நாட்களில் எனக்கும் என் மகளுக்கும் குடியிருக்க ஒரு வீடு கிடைக்காமல் மயிலாப்பூரில் தெருத்தெருவாக அலைந்துகொண்டும் இருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

தி.நகரில் ஒரு டைல்ஸ் கடையில் நான் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். அந்த மாதிரி வீட்டின் பாத்ரூமுக்கு டைல்ஸ் கொடுத்தது எங்கள் கடை. அதனால் கண்காட்சி முடியும்வரை கடை ஆள் ஒருவர் அங்கே இருக்கவேண்டும் என்று ஏற்பாடு. "நீ போ. உனக்குத்தான் வாய் இருக்கு" என்றார் முதலாளி. பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீடு என்றால், ஒரு வெள்ளைப் பெட்டி. தட்டைக் கூரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, முகம் தெரிகிற மாதிரி வழுவழுப்பான சாம்பல் தரை. உள்ளே தடுப்புச் சுவரே கிடையாது. சமைப்பது, சாப்பிடுவது, உட்காருவது, படுப்பது எல்லாம் ஒரே நீள அறையில். தேவைப்பட்டால் ஆளுயர மரச்சட்டத் தடுப்புகளை இழுத்து, எந்த இடத்தையும் தனி அறையாக்கிக்கொள்ளலாம். வாசலை விட்டால் வீட்டில் இருந்த ஒரே கதவு பாத்ரூம் கதவுதான். பாத்ரூமுக்குள் பச்சையும் சாம்பலும் கலந்த எங்கள் சின்னச் சின்ன டைல்ஸ், பளபளவென்று வெஸ்டர்ன் டாய்லெட், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய்கள். எல்லாம் அசல் பொருள்கள். ஆனால் எதற்குப் பின்னாலும் ஒரு பைப் கிடையாது. வீடு மொத்தமும் ஒரு பலகை மேடைமேல் நின்றது. மேடைக்குக் கீழே வெறும் மண்.

வீட்டை வடிவமைத்தது ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, தினமும் கறுப்புச் சட்டையில் வருவாள். நல்ல பெண். வேலையில் அப்படி ஒரு அக்கறை. முதல் நாளே என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, நீங்க ரொம்ப விளக்க வேணாம். இந்த வீடே பேசும்" என்றாள். வீடு பேசியதோ இல்லையோ, வந்த ஜனங்கள் பேசினார்கள்.

முதல் பஞ்சாயத்து செருப்பில் ஆரம்பித்தது. செருப்போடு உள்ளே வரலாம் என்று அவள் வாசலில் அழகான எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ஒருத்தர் கேட்கவேண்டுமே! வீடு என்று பார்த்ததும் கால் தானாகச் செருப்பை உதறிவிடுகிறது. "அது எப்படிம்மா, வீட்டுக்குள்ள செருப்போட?" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்கள். மத்தியானத்துக்குள் வாசலில் செருப்பு மலை. போட்டோ எடுக்க வருகிறவர்களெல்லாம் அந்த மலையைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்தது கேள்விகள். சாமி மாடம் எங்கே? வாசல் எந்தத் திசை? இப்படித் திறந்து போட்டால் கருவாடு வறுத்த வாடை படுக்கை வரைக்கும் வருமே? துணி எங்கே காயப்போடுவது, அரிசி மூட்டையை எங்கே வைப்பது? ஒரு அம்மாள் எல்லா இழுப்பறையையும் திறந்து பார்த்துவிட்டு, "சிலிண்டர் வைக்க இடமே விடலியே, இந்த வீட்ல யாரு இருப்பா?" என்று கேட்டார். தினமும் தவறாமல் வந்த கேள்வி ஒன்று உண்டு. "வாடகைக்கா? அட்வான்ஸ் எவ்ளோ?" அதைக் கேட்கும்போது மட்டும் எனக்குச் சுருக்கென்றிருக்கும். அதே கேள்வியை நான் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருந்தது மயிலாப்பூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். சொந்தக்காரர்களுக்குப் புது வீடு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு, மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி ஒரு தகவல். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. பக்கத்தில் வீடு கிடைக்கவில்லை என்றால் ஊரப்பாக்கத்தில் என் அண்ணன் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அண்ணன் தங்கமானவர். அண்ணியும் குறை சொல்ல முடியாதவர். ஆனால் இத்தனை வருஷமாகச் சொந்தக் காலில் நின்றவள், இன்னொருத்தியின் அடுப்படியில் "இந்த டப்பாவை எடுத்துக்கலாமா அண்ணி?" என்று கேட்டு நிற்கும் நிலை வருமோ என்று எனக்கு உதறல். மகள் அதிகாலை மின்சார ரயிலில் நின்றபடியே படித்துக்கொண்டு வரவேண்டும். ஒரு தடவை அவள், "பேசாம உன் எக்ஸிபிஷன் வீட்லயே போய்ப் படுத்துக்கலாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சென்னையில் வாடகைக்கு வீடு பிடிப்பது கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். பெண் பார்க்க வருகிறவர்களாவது பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய் லெட்டர் போடுகிறேன் என்பார்கள். ஹவுஸ் ஓனர் நம்மை கேட்டிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார். எந்த ஊர், என்ன ஆளுங்க, அசைவமா, ஆள் வந்துபோகுமா, தண்ணி ரொம்பச் செலவு பண்ணுவீங்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடலாம். கடைசியில் ஒன்று வரும். "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் இருக்கிறார், அவருடைய வேறு வாழ்க்கையில். நாங்கள் பிரிந்து வெகு காலம் ஆகிவிட்டது. சண்டைகூட மிச்சமில்லை. ஆனால் இதை கேட்டில் நின்று சொன்னால் அடுத்த நிமிஷமே, "ஃபேமிலிக்குத்தான் குடுக்கறதும்மா" என்பார்கள். நானும் மகளும் ஃபேமிலி இல்லையாம். ஆகவே எங்களைப் போன்ற பெண்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். வீட்டுக்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். ஒரு வீட்டில் துபாய் என்றேன். அடுத்த தெருவில் மஸ்கட் என்றேன். துபாய் அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான் காரணம்.

மறுநாளே, எனக்கு வீடு காட்டிக்கொண்டிருந்த புரோக்கர் போன் செய்தார்.

"இன்னா மேடம், ஒரே ஊரா சொல்லக் கூடாதா? அந்தம்மாவும் இந்தம்மாவும் கூடப்பொறந்த அக்கா தங்கச்சி. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கோயிலுக்குப் போய்க்கினு இருக்காங்கோ. உங்க வூட்டுக்காரரு துபாயா மஸ்கட்டான்னு கொளத்தாண்ட நின்னு ஒரே பஞ்சாயத்து!"

இரண்டு வீடும் போயிற்று. அக்கா தங்கைக்குச் சொந்தம் அந்தப் பக்கம் நிறைய இருந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு நாலைந்து தெருக்களில் என்னைப் பார்த்ததுமே கேட்டைச் சாத்தினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. மத்தியானத்துக்கு மேல் மாதிரி வீட்டில் கூட்டம் நெரிந்தது. நான் கண்ணாடிப் பக்கம் நின்று ஒரு புதுமணத் தம்பதிக்கு, தரையைத் துடைப்பது எவ்வளவு சுலபம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. அதை எப்போதும் அகலத் திறந்துதான் வைத்திருப்போம். வெளியே ஒரு அம்மாள் நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை. ஒரு கையில் அவருடைய பை, இன்னொரு கையில் ஆண்கள் வைத்திருக்கும் கைத்தடி.

"உள்ள யாரும்மா?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரர்தாம்மா. சுகர் இருக்குது, அடக்க முடியாது அவரால. வெளிய கேட்டா டாய்லெட்டு அந்தக் கோடில இருக்குதுன்னாங்க. அவ்ளோ தூரம் நடக்க மாட்டாரு. இங்கயே இவ்ளோ நல்லா இருக்குதேன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா, போகக் கூடாதா?"

உள்ளே ஃபிளஷ்ஷை அழுத்துகிற சத்தம் கேட்டது. டக். மறுபடி டக். அப்புறம் குழாயைத் திருகுகிற சத்தம். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. உள்ளே இருக்கிறவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. பாத்ரூமைப் பார்க்கவேண்டும் என்று எட்டிப் பார்த்தார்கள். போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நாலு கல்லூரிப் பையன்களில் ஒருவன், "மச்சி, யாரோ நெஜமாவே போயிட்டாங்கடா!" என்று கத்தினான். ஒரு சிரிப்பு எழுந்தது. அந்த அம்மாள் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தால் ஒரு நன்மை உண்டு. கை வேகமாக வேலை செய்யும். வந்த நாளிலிருந்து யாருமே தொடாத மரச்சட்டத் தடுப்பைப் பிடித்து இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. சர்ரென்று வந்து பாத்ரூமையும் என்னையும் அந்த அம்மாளையும் உள்ளே வைத்து மூடிக்கொண்டது. தடுப்புக்கு வெளியே தலையை நீட்டி, "பாத்ரூம்ல டைல்ஸ் வேலை நடக்குது. அப்புறமா பாக்கலாம். கிச்சன் அந்தப் பக்கம் இருக்கு, போங்க போங்க" என்றேன். அந்தப் பையனைப் பார்த்து, "தம்பி, போனை உள்ள வை" என்றேன். என் குரலைக் கேட்டு வைத்துவிட்டான்.

அப்புறம் கதவோரம் போய் மெதுவாகச் சொன்னேன். "சார், அவசரமே இல்ல. வெளிய யாரும் இல்ல. நானும் அம்மாவும்தான் இருக்கோம்."

பிறகு, "தண்ணி வரலம்மா" என்று ஒரு குரல். அவ்வளவு சின்னக் குரலை ஒரு பெரிய மனிதரிடமிருந்து நான் கேட்டதில்லை.

"வராது சார். கனெக்ஷன் குடுக்கல. போர்டு மாட்டியிருக்கணும், மாட்டாதது எங்க தப்பு. நான் தண்ணி தரேன், கதவைக் கொஞ்சமா திறங்க."

தரை துடைக்க வைத்திருந்த வாளியை எடுத்துப்போய், திடல் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து வந்து, கதவிடுக்கில் தள்ளினேன். இன்னொரு வாளியும் கொடுத்தேன். உள்ளே அவர் ஊற்றிக் கழுவினார். தண்ணீர் எங்கே போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. அது போகவேண்டிய வழியில் போயிற்று. மேடைப் பலகை வழியாக ஒழுகி, கண்ணாடிக்கு வெளியே அந்தக் கறுப்புச் சட்டைக்காரி ஆசையாகப் பரப்பியிருந்த வெள்ளைக் கூழாங்கல்லுக்கு நடுவே ஓடியது. அந்த நேரம் பார்த்து அவள் முக்கியமான விருந்தாளிகள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறாள்.

தடுப்பை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, என்ன இது? கீழ தண்ணியா ஓடுது!"

"நான்தாம்மா ஊத்தினேன்" என்றேன். "இந்த டைல்ஸ்ல தண்ணி நிக்காதுன்னு ஒருத்தர்கிட்டச் சொன்னேன், நம்பல. ஊத்திக் காட்டிட்டேன்."

"இது மாடல் ஹோம் அக்கா! நெஜ பாத்ரூம் இல்ல! உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?" அவள் கத்தியதில் தப்பில்லை. ஒரு வருஷ உழைப்பு அது. அங்கேயே என் முதலாளிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார். "உன் வாய்க்காக அனுப்பினா, நீ கையக் காட்டியிருக்கே."

அவள் போன பிறகு கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட உயரமான மனிதர். பேண்ட் ஓரமெல்லாம் ஈரம். என்னைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "நாப்பது வருஷம் ஓவர்சியரா இருந்தவன். கனெக்ஷன் இருக்குதா இல்லியான்னு பாக்கத் தெரியல" என்றார். கட்டட வேலையை மேற்பார்த்தே ஆயுளைக் கழித்தவர் சொன்ன அந்த வார்த்தை எனக்கு என்னவோ செய்தது. வாசல் வரை வழிவிட்டுக் கூட்டிப்போனேன். செருப்பு மலையில் அவர் செருப்பைத் தேடி எடுத்துக் காலருகே வைத்தேன். அந்த அம்மாள் என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்ததும் பினாயில் ஊற்றிக் கழுவினேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை, பிள்ளை வளர்த்தவளுக்கு இது ஒரு வேலையா! ஒரு அட்டையில் "தண்ணீர் இணைப்பு இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். கறுப்புச் சட்டைக்காரி அதைப் பார்த்தாள். அவள் வீட்டு அழகுக்கு அந்த அட்டை திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்தது. கிழித்துப்போடுவாள் என்று நினைத்தேன். கோணலாக இருந்த அட்டையை நேராக்கி ஒட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிறு, கண்காட்சியின் கடைசி நாள். காலையில் கதவைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மாள் தனியாக வந்து நின்றார். எனக்குத் திக்கென்றது. பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, இல்லை புகார் கொடுக்க வந்திருக்கிறாரோ? இரண்டும் இல்லை. ரயிலில் வந்தாராம், என்னைப் பார்த்துவிட்டுப் போக.

"நீ எங்கம்மா இருக்கே?" என்று கேட்டார்.

வேறு யாருக்கு என்றாலும் அது சாதாரணக் கேள்வி. எனக்கு அது இத்தனை நாளாக கேட் வாசல்களில் கேட்ட கேள்வி. அந்த நிமிஷம் என்ன ஆயிற்றோ, கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"இப்போதைக்கு மயிலாப்பூர்மா. மாசக் கடைசில எங்கன்னு தெரியாது. யாரும் வீடு தர மாட்டேங்கறாங்க. எனக்கு வீட்டுக்காரர் இல்ல, அதாவது இருக்காரு, என்கூட இல்ல. நானும் பொண்ணும்தான். அசைவம் சாப்பிடுவோம். வேலை முடிஞ்சு வீடு திரும்ப ஒம்போது மணி ஆகும். போதுமா? வேற ஏதாவது கேக்கணுமா?"

பாவம், அவர் என்ன செய்தார்! கோபித்துக்கொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்த அந்த வளைந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்டு மாடி காலியாத்தாம்மா இருக்குது. மந்தைவெளில" என்றார்.

மந்தைவெளியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். காய்கறிக் கடை, ரயில், பஸ் எல்லாம் பக்கம். காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

"ஆனா அவரு ஒத்துக்க மாட்டாரும்மா" என்றார் அடுத்த வார்த்தையில்.

"ஏன்? நாங்க தனியா இருக்கறதாலயா?"

"அதெல்லாம் இல்ல. நேத்துப் போனதுலேந்து மனுஷன் சரியா சாப்புடல. நீ அந்தப் பொண்ணுகிட்டப் பழிய ஏத்துகினது உள்ள நல்லா கேட்டுச்சாம். உன் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடறாரு. 'அவ நல்லவதான், ஆனா அவ மூஞ்சில இனிமே முழிக்க முடியுமா என்னால?'ன்னு கேக்கறாரு. நீ மாடில இருந்தா தெனமும் முழிக்கணுமே."

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அலையாய் அலைந்தபோது கிடைக்காத வீடு, ஒரு வாளித் தண்ணீரால் வாசல் வரை வந்து, அதே வாளித் தண்ணீரால் திரும்பிப் போகிறது. ஒருத்தருக்கு நல்லது செய்துவிட்டு அதற்காகவே தண்டனை வாங்குவது என் ஜாதகத்தில் எழுதியிருக்கிறது போலிருக்கிறது என்று மனசுக்குள் பொருமினேன். அந்த அம்மாள் எழுந்து விலாசம் சொன்னார். "நாளைக்குக் காலைல வா. வந்து பாரு. அப்புறம் கடவுள் விட்ட வழி."

மறுநாள் எனக்கு விடுமுறை. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மந்தைவெளிக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். "பரவாயில்ல சார், யாருக்கும் ஆவறதுதானே." ஐயோ, வேண்டாம். "நான் அதை அப்பவே மறந்துட்டேன் சார்." மறந்துவிட்டேன் என்று சொல்வதே நினைவுபடுத்துவதுதான். "எங்க அப்பா மாதிரி சார் நீங்க." அடி வாங்கலாம். ஒரு வாக்கியமும் தேறவில்லை. பேசிப் பிழைப்பு நடத்துகிறவளுக்கு வாய் கட்டிப்போன நாள் அது.

சின்ன வீடு. கீழே அவர்கள், வெளிப்பக்கமாக மாடிப்படி. முன்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். முகம் கறுத்துவிட்டது. எழுந்து உள்ளே போகத் திரும்பினார். கதவருகே அந்த அம்மாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஒரு நிமிஷம் விட்டால் எல்லாம் முடிந்தது.

அப்போது, ஒத்திகை பார்த்த எதுவும் வராமல், இத்தனை நாளும் எத்தனையோ கேட்டுகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள்தான் என் வாயிலிருந்து வந்தன. முன்பின் பார்த்திராத ஆளிடம் பேசுகிற அதே குரல்.

"வணக்கம் சார். மாடிப் போர்ஷன் வாடகைக்கு இருக்குன்னு சொன்னாங்க. பாக்கலாமா?"

அவர் நின்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு திரும்பாமலே கேட்டார்.

"யாரு சொன்னா?"

"புரோக்கர் சார்."

அந்த அம்மாளின் கண் அகலமாக விரிந்தது. அவர் மெதுவாகத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மடித்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை. ஹவுஸ் ஓனர்கள் சொல்வதில்லை.

"எத்தினி பேரு?"

"ரெண்டு பேர் சார். நானும் பொண்ணும்."

"வீட்டுக்காரர்?"

அவருக்கு மனைவி எல்லாம் சொல்லியிருப்பார். அப்படியும் கேட்டார். கேட்டால்தானே அது முதல் சந்திப்பு! எனக்குத் துபாய் நினைவுக்கு வரவே இல்லை. "பிரிஞ்சிருக்கோம் சார், ரொம்ப வருஷமா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"பொண்ணு என்னா படிக்குது?"

"பன்னெண்டாவது."

"சத்தமா பாட்டு வைக்கறது, மொட்டை மாடில கும்பலா உக்கார்றது, அதெல்லாம் ஆவாது."

"இல்ல சார்."

"செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. ராத்திரி ஒம்போதுக்கு கேட்டப் பூட்டிடுவேன்."

"நான் வர ஒம்போது ஆகும் சார். சில நாள் தாண்டும்."

கொஞ்சம் யோசித்தார். "சாவி இன்னொண்ணு இருக்குது. தரேன்."

இந்தக் கேள்விகளை நான் எவ்வளவு வெறுத்தேன்! யார் கேட்டாலும் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்கு மட்டும், இன்னும் கேளுங்கள், இன்னும் கேளுங்கள் என்றிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. குரல் கனத்தது. நான் கேட்டில் நிற்கிற வாடகைக்காரியானேன், அவர் நாற்காலியில் இருக்கிற ஹவுஸ் ஓனரானார். மாதிரி வீட்டில் இருந்த அந்த இரண்டு பேரை எங்களுக்குத் தெரியவே தெரியாது.

"சரி, வந்து பாருங்க" என்று சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் படியேறினார். கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினார். நான் அவசரப்படாமல் பின்னால் போனேன். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. சிவப்பு ஆக்ஸைடு தரை, பழசுதான், ஆனால் ஒரு விரிசல் இல்லை. சமையலறையில் சிலிண்டருக்கு இடம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு வேப்பமரம். நான் ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

பாத்ரூம் வாசலுக்கு வந்ததும் அவர் நின்றார். இதை மட்டும் பார்க்காமல் விட்டுவிடலாமே என்று நான் படிப் பக்கம் திரும்பினேன். அவர் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனார். குழாயை முழுசாகத் திருகினார். தண்ணீர் கொட்டியது. ஃபிளஷ்ஷை அழுத்தினார். அதுவும் கொட்டியது. பிறகு திரும்பி, சனிக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நல்லா பாத்துக்கம்மா. கனெக்ஷன் இருக்குது. நானே நின்னு போட்ட லைன்."

அவர் உதட்டோரம் துடித்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பிரயோஜனம் இல்லை. முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். என்னவோ ஏதோ என்று அந்த அம்மாள் கீழேயிருந்து, "என்னாங்க? என்னாச்சு?" என்று கத்துவது கேட்டது. இத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. குழாய் அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"போதும், மூடும்மா கொழாய" என்றார். "தண்ணிய வீணாக்கறது இந்த வீட்ல ஆவாது. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி சார்" என்று குழாயை மூடினேன்.